பழைய பிளாஷ் கன்: எறியவும் வேண்டாம், புதுக் கேமராவில் மாட்டவும் வேண்டாம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் முதல் மாதத்திலேயே செய்ய நினைக்கும் வேலை ஒன்று உண்டு. வீட்டில் இருக்கும் பழைய போட்டோக்களை எல்லாம் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் அது. நல்ல எண்ணம். அதற்காகப் பீரோவைத் திறந்து ஆல்பங்களை எடுக்கும்போது, அடித்தட்டில் தோல் உறைக்குள் ஒரு பழைய பிலிம் கேமராவும், பக்கத்தில் ஒரு பிளாஷ் கன்னும் கண்ணில் படலாம். அதிர்ஷ்டம் இருந்தால் சிறிய அட்டைப் பெட்டியில் நாலைந்து பிளாஷ் பல்புகளும் கிடைக்கும்.

இவற்றை என்ன செய்வது? பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். பழைய பேப்பருடன் சேர்த்துக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அல்லது, "பிளாஷ் நன்றாகத்தானே இருக்கிறது" என்று தங்களிடம் உள்ள டிஜிட்டல் கேமராவின் தலையில் மாட்டிப் பார்க்கிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அதிலும் இரண்டாவது தவறு பணத்தைக் கரைக்கக் கூடியது. நான் கரைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

பொருந்தினால் போதுமா?

2007-ம் ஆண்டு, பல மாதம் சேமித்து ஒரு டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கினேன். தனி பிளாஷ் வாங்கக் கையில் பணம் இல்லை. அப்பாவின் பழைய எலெக்ட்ரானிக் பிளாஷ் பீரோவில் இருந்தது. நாலு பேட்டரி போட்டேன். கொசு ரீங்காரம் போன்ற சத்தத்துடன் சார்ஜ் ஏறி, சிவப்பு விளக்கு எரிந்தது. கேமராவின் மேல் இருக்கும் ஹாட் ஷூவில் தள்ளினேன். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது. பட்டனை அழுத்தினேன். பளிச்சென்று அடித்தது. இரண்டாவது முறையும் அடித்தது. மூன்றாவது முறை அடிக்கவில்லை. அதன் பிறகு எந்த பிளாஷை மாட்டினாலும் அந்தக் கேமரா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சரி செய்ய ஆன செலவில் ஒரு புது பிளாஷே வாங்கியிருக்கலாம். கேமராவின் மேலும் தவறில்லை, பிளாஷின் மேலும் தவறில்லை. தவறு என்னுடையது.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. உங்கள் மோடத்தின் அடாப்டர் 12 வோல்ட் தருகிறது. லேப்டாப்பின் அடாப்டர் 19 வோல்ட் தருகிறது. இரண்டின் பின்னும் ஒரே அளவாக இருக்கிறது என்பதற்காக லேப்டாப் அடாப்டரை மோடத்தில் செருகுவீர்களா? மாட்டீர்கள். பிளாஷ் ஷூவும் அப்படித்தான். அதன் அகலம் பெரும்பாலான கேமராக்களில் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அதில் வரும் மின் அழுத்தம் ஒன்றல்ல.

எலெக்ட்ரானிக் பிளாஷின் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பேட்டரியின் 6 வோல்ட்டை உள்ளே இருக்கும் சர்க்யூட் 300 வோல்ட் அளவுக்கு உயர்த்தி ஒரு பெரிய கெபாசிட்டரில் சேர்த்து வைக்கிறது. நாம் கேட்கும் ரீங்காரம் இந்த வேலையின் சத்தம். கேமராவின் ஷட்டர் திறக்கும்போது இரண்டு மின் முனைகள் ஒன்றோடு ஒன்று தொடும். உடனே சின்ன டிரிகர் காயில் ஒன்று பல ஆயிரம் வோல்ட்டை உண்டாக்கி, கண்ணாடிக் குழாயில் உள்ள செனான் வாயுவைத் தூண்டும். கெபாசிட்டரில் இருந்த மின்சாரம் முழுவதும் அதன் வழியே பாய்ந்து ஒளியாகிறது. எல்லாம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் முடிந்துவிடும்.

பழைய பிளாஷ்களில் பலவற்றில், கேமரா தொட வேண்டிய அந்த இரண்டு முனைகளுக்கு இடையே 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இதைத்தான் டிரிகர் வோல்டேஜ் என்கிறோம். அந்தக் காலக் கேமராக்களில் முனைகள் வெறும் பித்தளைத் தகடுகள். அவற்றுக்கு 200 வோல்ட் ஒரு பொருட்டே இல்லை. டிஜிட்டல் கேமராவில் அந்த வேலையைச் சிறிய எலெக்ட்ரானிக் சுவிட்ச் செய்கிறது. சில கேமராக்கள் 250 வோல்ட் வரை தாங்கும். சில 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. உங்களுடையது எது என்பதை அதன் கையேட்டில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கவும். பிலிம் கேமரா என்றாலே பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 1980-களின் பிற்பகுதியில் வந்த ஆட்டோ போகஸ் பிலிம் கேமராக்களின் உள்ளேயும் எலெக்ட்ரானிக்ஸ்தான். அவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மீட்டர் வைத்துப் பாருங்கள்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் இருந்தால் இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும், ஊரில் உள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

முதலில் மீட்டரை டி.சி. வோல்ட்டில் மிக உயர்ந்த ரேஞ்சில் வைக்கவும். பிளாஷில் புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரியும் வரை காத்திருக்கவும். பிறகு பிளாஷின் அடியில் நடுவில் உள்ள புள்ளி போன்ற முனையில் சிவப்புக் குச்சியையும், பக்கத்து உலோகப் பகுதியில் கறுப்புக் குச்சியையும் வைக்கவும். குச்சியின் உலோக நுனியில் விரல் படக் கூடாது. மீட்டர் காட்டும் எண்தான் டிரிகர் வோல்டேஜ். அதை ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி பிளாஷின் மேலேயே ஒட்டிவிடவும். உங்களுக்குப் பிறகு அதை எடுப்பவருக்கு உதவும்.

எக்காரணம் கொண்டும் பிளாஷைத் திறக்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் நெடுநேரம் தங்கியிருக்கும். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து ராம் மாற்றிய தைரியத்தில் இதில் கை வைப்பவர்கள் பலமான அதிர்ச்சி வாங்குவார்கள்.

பல வருடம் தூங்கிய பிளாஷ் உடனே விழித்துக்கொள்ளாது. முதல் முறை ரெடி விளக்கு எரியப் பல நிமிடங்கள் ஆகலாம். சார்ஜ் ஏற்றி, சற்று நேரம் அப்படியே விட்டு, பிறகு சில முறை அடித்துப் பார்த்தால் பழைய வேகத்திற்கு வந்துவிடும். தீய்ந்த வாசனை வந்தாலோ, பிளாஷ் சூடேறினாலோ உடனே ஆப் செய்துவிடவும். அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள்.

பிசி என்றால் பெர்சனல் கம்ப்யூட்டர் அல்ல

ஹாட் ஷூ இல்லாத பழைய கேமராக்களில் பக்கவாட்டில் ஒரு சிறிய வட்டத் துளை இருக்கும். பிளாஷில் இருந்து வரும் ஒயரை அதில் செருக வேண்டும். இதன் பெயர் பிசி சாக்கெட். கம்ப்யூட்டருடன் இணைக்கும் இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் செய்யப்பட்ட பிரான்டர், காம்பூர் என்ற இரண்டு ஷட்டர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் இந்தப் பிசி.

அந்தத் துளையின் அருகிலோ, லென்ஸைச் சுற்றிய வளையத்திலோ எம், எக்ஸ் என்று இரண்டு எழுத்துகளும் ஒரு சிறு நெம்புகோலும் இருக்கலாம். நம் ஊர் ஸ்டூடியோக்களில் பலர் வைத்திருந்த யாஷிகா மேட் 124ஜி கேமராவில் இதைப் பார்க்கலாம். எம் என்பது பல்புக்கு, எக்ஸ் என்பது எலெக்ட்ரானிக் பிளாஷுக்கு.

இது ஏன்? பிளாஷ் பல்பின் உள்ளே பஞ்சு போல மெல்லிய அலுமினிய இழைகளும் ஆக்சிஜனும் அடைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்துச் சிறிய பல்புகளில் அலுமினியத்திற்குப் பதில் சிர்கோனியம். மின்சாரம் பாய்ந்ததும் இழை பற்றி எரியும். ஆனால் நெருப்பு முழு வெளிச்சத்திற்கு வர விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லி விநாடி அளவுக்கு நேரம் பிடிக்கும். 1/125 விநாடி வேகத்தில் ஷட்டர் திறந்திருப்பதோ 8 மில்லி விநாடிதான். இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கினால், பல்பு பிரகாசிக்கும் முன்பே ஷட்டர் மூடிவிடும். எனவே எம் நிலையில் கேமரா முதலில் பல்பைப் பற்ற வைத்து, சற்றுப் பொறுத்து ஷட்டரைத் திறக்கிறது. எலெக்ட்ரானிக் பிளாஷ் உடனே அடித்து உடனே முடிவதால், எக்ஸ் நிலையில் ஷட்டர் முழுவதும் திறந்த பிறகுதான் அதற்குச் சைகை போகிறது.

நெம்புகோலை எம்-மில் வைத்துவிட்டு எலெக்ட்ரானிக் பிளாஷை மாட்டினால் என்ன ஆகும்? ஷட்டர் திறக்கும் முன்பே வெளிச்சம் வந்து போய்விடும். தங்கை மகளின் காதுகுத்து விசேஷத்தில் 12 படங்களை நான் இப்படித்தான் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் பிளாஷ் அழகாக அடித்தது. குழந்தை சிரித்தது, அழுதது, தாய் மாமன் மடியில் உட்கார்ந்தது. ரோலைக் கழுவியபோது ஒன்றிலும் ஒன்றுமில்லை. அந்தச் சின்ன நெம்புகோல் அரை சென்டிமீட்டர் தள்ளி இருந்ததுதான் காரணம். தங்கை இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

உங்கள் கேமராவில் எக்ஸ் மட்டும் இருந்து, பல்பு பயன்படுத்த விரும்பினால் ஒரு வழி உண்டு. ஷட்டர் வேகத்தை 1/30 அல்லது அதற்கும் கீழே வைக்கவும். பல்பு எரிந்து முடியும் வரை ஷட்டர் திறந்திருக்கும்.

பல்பு செய்த சாதனை

பல்பு வருவதற்கு முன்பு மெக்னீசியம் பொடியைத் தட்டில் கொட்டிப் பற்ற வைத்தார்கள். புகையும் தீக்காயமும் அதோடு சேர்ந்தே வந்தன. 1929-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த கண்ணாடி பல்பு அந்த ஆபத்தைப் பெருமளவு குறைத்தது. ஒரு பல்பு ஒரே ஒரு படத்துக்குத்தான். எரிந்ததும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இந்த ஒரு முறை நெருப்பை வைத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓ. வின்ஸ்டன் லிங்க் நல்ல உதாரணம். 1955 முதல் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி இன்ஜின்களை இரவில் படம் எடுத்தார். 1956-ல் மேற்கு வர்ஜீனியாவில் காருக்குள் இருந்தபடியே சினிமா பார்க்கும் திறந்தவெளி அரங்கு ஒன்றை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. முன்னால் கார்கள், திரையில் ஒரு விமானம், பின்னால் புகை கக்கிக்கொண்டு ஓடும் ரயில். அந்த ஒரு படத்துக்கு 43 பல்புகள். ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே நொடியில் எரிய வைத்தார். அவ்வளவு வெளிச்சத்தில் சினிமாத் திரை வெளுத்துவிட்டதால், திரையில் தெரியும் விமானத்தை வேறொரு நெகடிவில் இருந்து பிறகு சேர்த்தார். போட்டோஷாப் பிறப்பதற்கு முப்பது வருடங்களுக்கும் முன்பு நடந்த வேலை இது.

ரயில் நின்று போஸ் கொடுக்காது. ஒரு பல்பு எரியாவிட்டால் அன்றைய உழைப்பு வீண். இதை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தால் அதன் மதிப்பு புரியும்.

ஒரு சின்ன வகுத்தல் கணக்கு

பழைய பிளாஷில் மெனு இல்லை, ஸ்கிரீன் இல்லை. பின்புறம் ஒரு அட்டவணையும் கைடு நம்பர் என்ற ஒரு எண்ணும் மட்டும் உண்டு. கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸில் வைக்க வேண்டிய அப்பெர்ச்சர் எண் கிடைக்கும்.

ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு உங்கள் பிளாஷின் கைடு நம்பர் மீட்டரில் 28 என்று வைத்துக்கொள்வோம். எடுக்கப்படுபவர் 3.5 மீட்டர் தூரத்தில் இருந்தால், 28-ஐ 3.5-ஆல் வகுக்க 8. லென்ஸை எஃப் 8-ல் வைக்கவும். அவர் 7 மீட்டருக்குப் போய்விட்டால் எஃப் 4. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. அதனால்தான் லென்ஸை இரண்டு ஸ்டாப் திறக்கிறோம். ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் போட்டால் கைடு நம்பரும் இரண்டு மடங்காகி 56 ஆகிவிடும். சில பிளாஷ்களில் இந்த எண் அடியில் கொடுக்கப்பட்டிருக்கும், அப்போது தூரத்தையும் அடியிலேயே கணக்கிடவும்.

இந்தக் கணக்கை ஒரு முறை கையால் போட்டவருக்கு, கல்யாண மண்டபத்தில் செல்போனில் பிளாஷ் போட்டு எடுத்த குரூப் போட்டோவில் முன்வரிசை வெளுத்தும் பின்வரிசை இருண்டும் போவது ஏன் என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

எரிப்பதா, வைத்திருப்பதா?

பிளாஷ் பல்புகளைப் பெரிய அளவில் தயாரித்த காலம் முடிந்துவிட்டது. இருப்பதில் ஒன்று எரிந்தால் ஒன்று குறைந்தது. அதனால் தொடாமல் பாதுகாக்க வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. என் கருத்து வேறு. பல்பும் கெட்டுப் போகும். பல பல்புகளின் உள்ளே ஒரு நீலப் புள்ளி இருக்கும். கண்ணாடியில் விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அது இளஞ்சிவப்பாக மாறிவிடும். அப்படி மாறிய பல்பைப் பயன்படுத்தவே கூடாது, வெடிக்கலாம். பெட்டியோடு ஒன்றை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை, எரிக்கத் தகுந்த நாளில் எரித்துவிடுங்கள். தாத்தா பாட்டியின் சதாபிஷேகம் அப்படி ஒரு நாள்.

எரிக்கும்போது சில விதிகள். முகத்துக்கு மிக அருகில் அடிக்க வேண்டாம். பல்பைச் செருகும்போது அதன் மேல் முகத்தைக் குனிய வேண்டாம். எரிந்த பல்பு கடுமையாகச் சுடும், ஆறும் வரை தொட வேண்டாம். கலர் பிலிமுக்கு நீலப் பூச்சு உள்ள பல்புதான் சரி. தெளிந்த கண்ணாடி பல்பு கறுப்பு வெள்ளைக்கு நல்லது.

பிறகு வருகிறது கம்ப்யூட்டர்

"போனில் எடுத்தால் உடனே தெரிகிறது, இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்பீர்கள். தினசரி வேலைக்குப் போனே போதும், நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பிலிம் விலை ஏறிவிட்டது. கழுவித் தரும் லேப்கள் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில்தான் இருக்கின்றன, மற்ற ஊர்க்காரர்கள் கூரியரில் அனுப்ப வேண்டும். எனவே மாதம் ஒரு ரோல் எடுங்கள் என்று சொல்ல மாட்டேன். வருடத்திற்கு ஒரு ரோல் போதும்.

அந்த ஒரு ரோலை நெகடிவ் ஸ்கேன் செய்யும் வசதியுள்ள பிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து 2400 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திடவும். 35 எம்.எம். பிலிமின் ஒரு படம் சுமார் 3400க்கு 2270 பிக்சல், அதாவது 7.7 மெகா பிக்சல் அளவில் கிடைக்கும். டிஃப் பைலாகச் சேமித்தால் ஒரு படத்துக்கு 23 எம்பி வரை இடம் பிடிக்கும். பார்க்கவும் அனுப்பவும் ஒரு ஜேபெக் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பைலை வெளி டிஸ்க் ஒன்றிலும் வைக்கவும். நெகடிவைத் தூக்கி எறிய வேண்டாம். ஹார்ட் டிஸ்க் போனாலும் அது இருக்கும்.

முக்கியமாக, பைலின் பெயரில் தேதியையும் படத்தில் இருப்பவர்கள் பெயரையும் எழுதுங்கள். அப்பா எடுத்த படங்களை நான் ஸ்கேன் செய்தபோது, பலரை அடையாளம் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. பிளாஷ் அடித்த வெளிச்சத்தில் முகங்கள் தெளிவாக இருக்கின்றன, பெயர்கள்தான் இல்லை.

ஆகவே, பீரோவில் பிளாஷ் கன் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் மீட்டர் வைத்து அளக்கவும். டிஜிட்டல் கேமரா தாங்கும் அளவுக்கு மேல் காட்டினால் அதை நேரடியாக மாட்டக் கூடாது. அப்படியும் டிஜிட்டலில் பயன்படுத்த ஆசைப்பட்டால், கேமராவுடன் ஒயர் தொடர்பே இல்லாத ஆப்டிகல் ஸ்லேவ் ஒன்றை வாங்கவும். அது எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் கேட்டு வாங்கவும். இல்லையென்றால் அதோடு கூடப் பிறந்த பழைய கேமராவிலேயே மாட்டுங்கள். நெம்புகோல் எம்-மிலா எக்ஸ்-ஸிலா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். காதுகுத்து ஒரு முறைதான் வரும்.